ஒரு நாள் கூடிய இலக்கம்

அந்த அடையாள அட்டை பாதரின் மேசையில் ஒரு சாசருக்குள் கிடந்தது. மண்ணைக் கழுவிக் காயவைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து, படம் முழுவதும் தேயிலைச் சாயம் போல ஒரு கறையாகியிருந்தது. பின்பக்கத்தில் பெயர் இருந்த இடத்தில் கடதாசியே இல்லை. முன்பக்கத்தில் தட்டச்சில் அடித்த ஒன்பது இலக்கங்கள் மட்டும் தப்பியிருந்தன.

அரிப்பு என்ற கரையோர ஊரில் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிய ஒருவர் அதைக் கண்டெடுத்திருந்தார். அதோடு ஒரு செபமாலையும் நாலு சட்டைப் பொத்தான்களும் கிடைத்தன. பொலிஸுக்குச் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. கொழும்புக்கு எழுதி இது யாருடைய இலக்கம் என்று கேட்கலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, கேட்கிறவனின் பெயரைத்தான் முதலில் எழுதிக்கொள்வார்கள் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எனவே அட்டை கோயில் அறைவீட்டுக்கு, பாதரிடம் வந்தது.

"ரீச்சர், நீங்கள் கணக்கு ஆள். நம்பரை வைச்சு ஆள் பிறந்த திகதியைச் சொல்லலாமாமே?" என்று கேட்டார் பாதர்.

"ஓம் பாதர், சொல்லலாம்" என்றேன்.

எனக்கு எப்போதும் வாய் முந்தும். அன்றைக்கும் முந்திவிட்டது.

பாதர் என்னை ஏன் கூப்பிட்டார்

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வங்காலைக்காரி. தமிழ்நாட்டு அகதி முகாமில் பல வருசம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். கரும்பலகையில் எழுதிப் படித்த கணக்கை விட, முகாமில் தண்ணீர்க் குடத்தின் முதுகில் கரித்துண்டால் எழுதிப் படித்ததுதான் கூட என்று போன கிழமை எழுதியிருந்தேன்.

பாதர் என்னைக் கூப்பிட்டதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நான் ரீச்சர். மற்றது, என் அண்ணா அன்ரன் காணாமல் போனவர்.

அப்பா காய்ச்சலில் போன பிறகு வீட்டைக் கொண்டு நடத்தியது அண்ணாதான். ஊர் கலைந்த அன்று அம்மாவையும் என்னையும் வள்ளத்தில் ஏற்றிவிட்டு, அப்பாவின் வலைகள் அரிப்பில் தெரிந்தவர் வீட்டில் கிடக்கின்றன, எடுத்துக்கொண்டு அடுத்த வள்ளத்தில் வாறன் என்றார். அம்மா கரையில் இறங்கி நின்று அடுத்த வள்ளத்தைப் பார்த்தா. அதற்கு அடுத்ததையும் பார்த்தா. முகாமில் பெயர் பதிந்தபோது "எத்தனை பேர்?" என்று கேட்ட உத்தியோகத்தருக்கு "மூண்டு" என்றா. இரண்டு பேர்தானே நிற்கிறீர்கள் என்றதற்கு "ஒராள் வாறார்" என்றா.

திரும்பி வந்த பிறகும் அம்மா அந்தக் கணக்கை மாற்றவில்லை. அண்ணாவுக்குச் செபம் சொல்லும்போது "சுகமாய் வந்து சேர" என்றுதான் சொல்லுவா. இறந்தவர்களுக்கான பூசைக்கு யாராவது அண்ணாவின் பெயரைக் கொடுத்தால் எழும்பிப் போய்விடுவா. அந்த அட்டை யாருடையது என்பது எனக்கு வெறும் கணக்காக இருக்கவில்லை.

ராசா நம்பர்

அண்ணாவின் அடையாள அட்டை வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. படத்தில் அவர் கண் மூடியிருந்தார். அதனால் ஒருவருக்கும் அட்டையைக் காட்டவில்லை. நான் கையைக் கடித்துப் பார்த்தும் விடவில்லை.

"காட்டுங்கோ அண்ணா, சிரிக்க மாட்டன்."

"போடி. படத்தை விடு, நம்பரைக் கேள். இது ராசா நம்பர்."

"என்ன நம்பர்?"

"அதைச் சொல்ல மாட்டன். குணத்தைச் சொல்லுறன். முதல் மூண்டு இலக்கத்தையும் கடைசி மூண்டு இலக்கத்தையும் கூட்டினா, நடு மூண்டு வரும்."

அண்ணா சமயபாடத்தில் தேறவில்லை, சரித்திரத்தில் தேறவில்லை. ஆனால் பஸ் ரிக்கற்றில் உள்ள இலக்கத்தைப் பிரித்துப் பார்க்காமல் இறங்கமாட்டார். ஒரு பெரிய எண்ணைக் கண்டால் அது எதால் பிரியும், எதற்கு மசியாது என்று நோண்டிக்கொண்டே இருப்பார். அன்று மணலில் குந்தியிருந்து எனக்கு அதை விளங்கப்படுத்தினார்.

நீங்களும் செய்து பார்க்கலாம். அண்ணாவின் இலக்கத்தை இங்கே எழுத மனமில்லை, வேறொன்றை எடுப்போம். முதல் மூன்று 123, கடைசி மூன்று 456. இரண்டையும் கூட்டினால் 579, அதை நடுவில் வையுங்கள். 123579456. பன்னிரண்டு கோடிக்கு மேல். பார்த்தால் எதற்கும் அடங்காத எண் போல இருக்கும். ஆனால் அது 123456 ஐ ஆயிரத்தொன்றால் பெருக்கி வந்தது. ஆயிரத்தொன்று என்பது ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும் பெருகி வருவது. ஆகவே இப்படிக் கட்டிய எந்த ஒன்பது இலக்க எண்ணும் ஏழாலும் பதினொன்றாலும் பதின்மூன்றாலும் மிச்சமில்லாமல் பிரியும். பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

"ஏழு, தேவதிரவிய அனுமானம். பதினொண்டு, யூதாஸ் போன பிறகு மிஞ்சின அப்போஸ்தலர். பதின்மூண்டு, கடைசி இராப்போசனத்தில இருந்த ஆக்கள்" என்றார் அண்ணா. சமயபாடத்தில் தேறாத ஆளின் ஞானோபதேசம் அது.

அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியை நிறுத்திவிட்டு, "பதின்மூண்டால பிரியுமெண்டா அதை வெளியில சொல்லித் திரியாதை" என்றா. நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மீன் செதில் அம்மாவின் மூக்கில் ஒட்டியிருந்தது.

அண்ணாவின் இலக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இலக்கம் தெரியாது, அதன் குணம் தெரியும்.

ஐந்து இலக்கம் வரைக்கும்

இனி அறைவீட்டுக்குத் திரும்புகிறேன்.

பழைய அட்டையின் இலக்கத்தை வாசிக்கும் முறை இதுதான். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு ஐந்நூறு கூட்டியிருப்பார்கள். பிறகு மூன்று வரிசை இலக்கங்கள். ஒன்பதாவது, மற்ற எட்டையும் வைத்துக் கணக்குப் பார்த்துப் போடுகிற காவல் இலக்கம். யாராவது ஒன்றைப் பிழையாக எழுதினால் அது காட்டிக்கொடுக்கும். எழுதுகிறவர் விடும் பிழையைத்தான் காட்டும், வாசிக்கிறவர் விடும் பிழையை அல்ல.

இந்த முறையை நான் திரும்பி வந்து என் அட்டையை எடுத்தபோது கந்தோரில் ஒரு கிளாக்கர் சொல்லித் தந்தார். நான் சனவரி, எங்கள் பேச்சில் தை மாதம், பத்தொன்பதாம் திகதி பிறந்தவள். என் இலக்கத்தில் 519 இருந்தது. சரி. அம்மாவுக்குப் பிறந்த திகதி தெரியாததால் தை முதலாம் திகதி என்று போட்டிருந்தார்கள், 501 இருந்தது. அதுவும் சரி. இரண்டு அட்டையில் பார்த்துவிட்டு முறை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

சாசரில் கிடந்த அட்டையில் முதல் இரண்டும் 7, 1. அண்ணா பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் 1, 8, 8.

அண்ணா யூலை ஆறாம் திகதி பிறந்தவர். பாதரின் நாட்காட்டியின் பின்பக்கத்தில் மாதம் மாதமாகக் கூட்டினேன். யூன் முடிய 181. யூலை ஆறு, 187. திரும்பவும் கூட்டினேன். 187.

அட்டையில் 188.

"எங்கட அண்ணா இல்லை பாதர். இந்த ஆள் யூலை ஏழு" என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணக்கைச் செய்யும்போது விடை பொருந்தாமல் போகவேண்டும் என்று மன்றாடிக்கொண்டுதான் செய்தேன். ஒரு நாள் வித்தியாசம் வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிப் போனது. மிச்ச நாலு இலக்கத்தை நான் வாசிக்கவே இல்லை. முதல் மூன்றையும் கடைசி மூன்றையும் கூட்டிப் பார்க்க அரை நிமிடம் போயிருக்காது. சாசரைப் பாதரின் பக்கம் தள்ளிவிட்டு எழும்பினேன். வரும் வழியில் இறால் வாங்கினேன். அம்மாவுக்குக் காரணம் சொல்லாமல் இறால் குழம்பு வைத்துக் கொடுத்தேன், நல்லாயிருக்கு என்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டா.

பதிவேட்டில் ஒரு பெயர்

பாதர் அதோடு விடவில்லை. யூலை ஏழு என்று நான் சொன்னதை வைத்துக்கொண்டு கரையோரக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த வருசம், அந்தத் திகதியில் பிறந்த ஒரு ஆண்பிள்ளை அரிப்புப் பதிவேட்டில் இருந்தான். லோறன்ஸ். அவனும் அண்ணா காணாமல் போன அதே நாட்களில் காணாமல் போனவன்.

லோறன்சின் தாய் பிலோமினா மாமி. புருசன் இல்லை, வேறு பிள்ளைகளும் இல்லை. மகனின் அட்டை இலக்கம் அவருக்குத் தெரியாது, பிரதி எல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டது. பாதர் சாசரைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் ஒன்றும் கேட்கவில்லையாம். அட்டையை எடுத்துக் கழுத்துக்குக் கீழே வைத்து அமர்த்திக்கொண்டாராம்.

அந்த அட்டையையும் செபமாலையையும் ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, பூசை செய்து, சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். அடக்கத்துக்கு நானும் போனேன். வெள்ளைச் சீமெந்துக் குருசில் லோறன்சின் பெயரைக் கறுப்பு மையால் எழுதியிருந்தார்கள். பிலோமினா மாமி என் கையைப் பிடித்து, "நீங்கள் கணக்குப் பாத்துச் சொன்னபடியால்தானே பிள்ளை கிடைச்சவன்" என்றார். நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அதன் பிறகு அவர் மனு எழுதப் போகவில்லை. காணாமல் போனவர்களின் தாய்மார் படங்களைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இருக்கும் இடத்துக்கும் போகவில்லை. மகன் இறந்தவன். ஒவ்வொரு மாதமும் பூசைக்குப் பெயர் கொடுத்தார்.

"எனக்கு ஒண்டு கூடுது"

இந்த வருசம் என் வகுப்பில் சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு அடையாள அட்டை வந்தது. பாடம் முடிய நேரம் இருந்ததால், இலக்கத்தை வைத்துத் திகதி கண்டுபிடிக்கும் வித்தையைக் கரும்பலகையில் போட்டேன். இப்போது பன்னிரண்டு இலக்கம், ஆனால் நாள் எண்ணும் முறை அதேதான்.

முன்வாங்கில் இருந்த தர்சினி கையை உயர்த்தினாள். "ரீச்சர், எனக்கு ஒண்டு கூடுது."

"திருப்பி எண்ணு."

"எண்ணிட்டன் ரீச்சர். நான் பிறந்தது செப்ரெம்பர் பத்து. கார்ட்டில பதினொண்டு வருது."

"எனக்கும் கூடுது" என்றது பின்வாங்கு. "எனக்கும்." பெப்ரவரி முடியுமுன் பிறந்த மூன்று பேருக்கு மட்டும் சரியாக வந்தது. மற்ற எல்லோருக்கும் ஒன்று கூடியது.

வெண்கட்டி கையில் இருக்க, நான் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றேன். காரணம் விளங்க ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. லீப் வருசமோ இல்லையோ, எல்லா வருசத்துக்கும் பெப்ரவரியில் இருபத்தொன்பது நாள் என்று வைத்து எண்ணுகிறார்கள். ஆகவே லீப் அல்லாத வருசத்தில் மார்ச் முதலாம் திகதியிலிருந்து எல்லோருக்கும் ஒரு நாள் கூடிப்போகும். நானும் அம்மாவும் தை மாதத்தில் நின்றுகொண்டு மிச்ச வருசத்தைப் பற்றித் தீர்மானித்துவிட்டோம்.

இரண்டு உதாரணம் நிறுவல் ஆகாது என்று இருபது வருசமாகப் பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையால் எழுதி வருகிறவள் நான்.

188 என்றால் யூலை ஆறு.

தர்சினி, "ரீச்சர், தண்ணி வேணுமோ?" என்று கேட்டாள். நான் கதிரையில் இருந்துவிட்டதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

கூட்டல்

பழைய பாதர் மாறிப் போய்விட்டார். புதியவர் அரிப்புப் பதிவேட்டை எடுத்துத் தந்தார். லோறன்சின் பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில், பழைய பாதர் அந்த ஒன்பது இலக்கத்தையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அட்டை மண்ணுக்குள் போய்விட்டாலும் இலக்கம் இருந்தது.

முதல் மூன்றையும் எழுதினேன். கீழே கடைசி மூன்றையும் எழுதினேன். கூட்டினேன். நடு மூன்று வந்தது.

தற்செயலாகவும் அப்படி வரலாம், ஆயிரத்தில் ஒரு தரம். அந்த ஒரு தரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. ஏழால் பிரித்தேன், மிச்சமில்லை. பதினொன்றால் பிரித்தேன், மிச்சமில்லை. தேவையில்லை என்று தெரிந்தும் பதின்மூன்றாலும் பிரித்தேன். இலக்கங்களில் கண்ணீர் விழ, புதிய பாதர் பதிவேட்டை மெல்ல இழுத்து எடுத்துக்கொண்டார்.

இத்தனை வருசம் அண்ணா வேறு பெயரில் கிடந்திருக்கிறார். அங்கே நான் மெழுகுதிரியும் கொளுத்தியிருக்கிறேன், லோறன்சுக்கு என்று.

மாமியின் வீடு

அம்மாவிடம் போகப் பயந்து முதலில் பிலோமினா மாமியிடம்தான் போனேன். அவர் வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். சோளகக் காற்று மணலை அள்ளி வீசியது. எல்லாவற்றையும் சொன்னேன். என்னைப் பேசுவார், மண்ணள்ளித் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப அது லோறன்ஸ் இல்லை."

"இல்லை மாமி. என்ர பிழை."

"அப்ப அவன் எங்கை?"

"தெரியாது மாமி."

"தெரியாது எண்டா, செத்தவன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லைத்தானே?"

அவர் எழும்பி உள்ளே போனார். சுவரில் இருந்த மகனின் படத்தைக் கழற்றி, அதில் கிடந்த பிளாஸ்டிக் மாலையை எடுத்தார். கண்ணாடியைச் சீலைத் தலைப்பால் துடைத்தார். அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"இவ்வளவு காலமும் அம்மா என்னைத் தேடேல்லை எண்டு நினைச்சிருப்பானே" என்றார். "மனு எழுதுற கந்தோர் இப்பவும் இருக்குதே, ரீச்சர்?"

"இருக்கு மாமி."

"நாளைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அதுக்கு முதல் குருசில இருக்கிற பேரை அழிக்கவேணும். உயிரோட இருக்கிற பிள்ளையின்ர பேர் சேமக்காலையில நிக்கக் கூடாது."

அன்று பின்னேரமே போனோம். தும்பும் மணலும் போட்டு அவரே தேய்த்தார். என்னைத் தொட விடவில்லை.

அம்மா

அம்மாவுக்குச் சொன்னபோது அவ அழவில்லை. கட்டிலில் இருந்தபடி, "அண்டைக்கே சொல்லியிருந்தா அண்டைக்கே அழுதிருப்பன்" என்றா. பிறகு, "இறால் குழம்பு வைச்ச நாளே?" என்று கேட்டா. நான் ஓம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அம்மாவை அரிப்புக்குக் கூட்டிப் போனேன். குருசில் ஒரு பெயரும் இல்லை. அம்மா அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்தா. அப்போதுதான் அழுகை வந்தது. முகாமில் வராத அழுகை, திரும்பி வந்தபோது வராத அழுகை, எல்லாம் சேர்ந்து வந்தது. பிலோமினா மாமி பக்கத்தில் இருந்து அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் அழவில்லை. வேறு வீட்டுச் செத்தவீட்டுக்கு வந்தவர் போல, ஆறுதல் சொல்லிக்கொண்டு, பக்குவமாக இருந்தார்.

அம்மாவின் காத்திருப்பு அன்றோடு முடிந்தது. அதை மாமியின் வீட்டில் கொண்டுபோய் வைத்தவள் நான்தான்.

பஸ்ஸுக்கு நின்றபோது மாமி என் அருகே வந்தார். மனுவின் பிரதி மடித்தபடி கையில் இருந்தது.

"ரீச்சர், கணக்குப் பாத்துச் சொல்லுங்கோ. லோறன்சுக்கு இப்ப என்ன வயசு?"

"ஐம்பத்திநாலு, மாமி."

அவர் மனுவை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"அப்ப தலையும் நரைச்சிருக்கும். நேரில கண்டாலும் மட்டுக்கட்டுவனோ தெரியாது."

பஸ் வந்து நின்றது. நாங்கள் ஏறுவதற்காக ஒதுங்கி நின்றோம். இறங்கிய ஆண்களில் தலை நரைத்தவர்களின் முகங்களை, ஒருவர் தவறாமல், அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.